கதவுக்கு வெளியே நீலச் சூப்

ஜனவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? காது டாக்டரிடம் போனீர்களா, இல்லை போன மாதம் மாதிரி அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டீர்களா?

போனில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன். "அவன் ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேங்கிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். வேலை அதிகம் என்று இத்தனை நாளும் பொய் சொல்லிவந்தேன். மன்னியுங்கள். உங்கள் மகன் வேலைக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது.

அக்டோபரில் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்கப் போனார்கள், இவரும் இவருடைய கூட்டாளியும். கூட்டாளி கீழே குழிக்குள் இருந்தார். இவர் மேலே மோட்டார் அறையில். லிஃப்ட் கீழே இருந்தவர்மேல் இறங்கிவிட்டது. யார் எப்போது 'சரி' என்றார்கள், அது யாருக்கு எப்படிக் கேட்டது என்று நாலு நாள் விசாரித்தார்கள். கூட்டாளி உயிரோடு இல்லை, அதனால் ஒரு பக்கத்து வார்த்தைதான் கிடைத்தது. கடைசியில் இவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தவர் பின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "நான்தான் கரண்ட் போட்டேன்" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் பேக்கரி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வெளியே வந்து குளிக்கிறார் போல. வந்து பார்த்தால் ஈரத்துண்டு கிடக்கும். மற்ற நேரமெல்லாம் டிவியில் ஒரே வீடியோ விளையாட்டு. ஒரு வாள்வீரன் காடு மலை என்று அலைகிறான். கிடைத்ததைப் பறித்து, பானையில் போட்டுச் சமைத்துத் தின்கிறான். தின்றால் திரை ஓரத்தில் அவனுடைய உயிர்க்கோடு நிரம்புகிறது. துணி துவைக்கும் இடத்துப் பக்கம் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறதல்லவா, திரைச்சீலை முழுசாக மூடாது. அதன் வழியாக அவர் முதுகும் டிவியும் தெரியும். அந்த முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை, அத்தை. சட்டைக்கு மேலேயே எலும்பை எண்ணிவிடலாம். வைத்த சாப்பாடெல்லாம் வைத்தபடியே திரும்பும்.

போன வாரம் அந்த வீரன் மரத்தடியில் உட்கார்ந்து காளான் சூப் வைத்தான். நீல நிறத்தில் ஆவி பறந்தது. இவர் விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்க் காளான் வாங்கிவந்து சூப் வைத்தேன். கதவுக்கு வெளியே வைத்து, "காட்டுல வச்ச சூப்பு" என்று மட்டும் சொன்னேன். கிண்ணம் காலியாகத் திரும்பியது. கழுவினாற்போல் காலி!

நீல நிறம் மட்டும் வரவில்லை. சாயப்பொடி போட மனசில்லை. உங்களுக்கு ஏதாவது வழி தெரியுமா? முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மருமகள்

*

ஜனவரி 21

என் பன்னுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படி இருந்தால் சந்தோஷம். காது டாக்டரிடம் போனேன். அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

அவன் விஷயம் படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

சமையல் யோசனையை என்னிடம் கேட்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? முப்பது வருடம் பஸ்ஸில் எஞ்சின் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்தவள் நான். என் கையால் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும். ஆனாலும் விடவில்லை. கீழ் வீட்டு டீச்சரைக் கேட்டேன். ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து இறுத்த தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமாகிவிடுமாம். அவள் தோட்டத்திலிருந்தே இரண்டு கோஸ் பறித்து, உங்கள் ஊர் வண்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நிலையத்தில் போய் வாங்கிக்கொள்.

இந்த மாதம் வர முடியாது. பென்ஷன் ஆபீசில் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் செத்துவிட்டதாக எழுதிவிடுவார்கள்.

வேளாவேளைக்குத் தூங்கு.
அத்தை

*

பிப்ரவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கோஸ் வந்தது, நீலமும் வந்தது! சோடா ஒரு துளி கூடினால் பச்சையாகிச் சோப்பு வாடை அடிக்கிறது. முதல் சட்டியைக் கொட்டிவிட்டேன். இரண்டாவது சட்டியில் உருளைக்கிழங்கை மசித்துக் கலந்து, நீலத் தண்ணீரை ஊற்றி, காளானை வெண்ணெயில் வதக்கி மேலே மிதக்கவிட்டேன். டிவியில் பார்த்தது பானையில் அப்படியே இருந்தது. எனக்கே பயமாகிவிட்டது.

இப்போது தினமும் அந்த விளையாட்டிலிருந்து ஒன்று. பேக்கரி அடுப்பு சும்மா இருக்கும் நேரத்தில் பயணி ரொட்டி சுட்டுப் பார்த்தேன். முழுக் கோதுமை மாவு, தேன், உடைத்த பாதாம். ஒரு தடவை சுட்டு, வெட்டி, மறுபடியும் சுட வேண்டும். மேலே கத்தியால் சூரியன் கீற வேண்டும். "என்ன புது ஐட்டமா? விலை என்ன வைக்கலாம்?" என்றார் முதலாளி. "இது விக்கிறதுக்கு இல்ல சார்" என்றேன்.

அந்த உலகத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பலன் உண்டு, அத்தை. நீலச் சூப் குடித்தால் குளிர் தாங்கும். பயணி ரொட்டி தின்றால் களைக்காமல் ஓடலாம். இலையில் சுற்றிச் சுட்ட ஏரி மீனைத் தின்றால் ஆறு நிமிடம் பயம் போய்விடும். செவ்வாய்க்கிழமை அந்த மீனைச் செய்து வைத்தேன். தட்டு உள்ளே போனது. ஆறு நிமிடம் கதவருகிலேயே நின்றேன். ஏழாவது நிமிடம் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரு டாக்டரை அழைத்துவந்தேன். அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அரை மணி நேரம் நல்ல மாதிரியாகப் பேசினார். மாத்திரை எழுதினார். மாத்திரையைத் தட்டில் வைத்தால் மாத்திரை மட்டும் திரும்பி வருகிறது. "கதவைத் திறக்கணும்னு அவருக்கே தோணணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் கூப்பிட்டால் ஒருவேளை தோன்றும். வாருங்கள், அத்தை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மருமகள்

*

பிப்ரவரி 27

என் பன்னுக்கு,

உன் கடிதம் படித்து நாக்கு ஊறிவிட்டது. நீ நலமா? எனக்கு முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. பஸ் படி ஏற முடியவில்லை. பஸ்ஸிலேயே காலம் தள்ளியவள் இப்படிச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சில விஷயம் கேட்கிறேன், பார்த்து எழுது. சாப்பிட்ட தட்டில் கரண்டி உள்ளே கிடக்கிறதா, வெளியே தனியாக இருக்கிறதா? நகம் வெட்டிக்கொள்கிறானா? படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறானா, கதவுப்பக்கமா? ஏன் என்று கேட்காதே.

கீழ் வீட்டு டீச்சர் உனக்காக இன்னும் நாலு கோஸ் வைத்திருக்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் இந்த விஷயத்தில் அக்கறை என்று நினைத்துக்கொள்ளாதே.

நன்றாக இரு.
அத்தை

*

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். முன்கையில் மட்டும் சின்னதாக ஒரு சூடு, பேக்கரி அடுப்புத் தட்டு பட்டுவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன் போலிருக்கிறது.

கேட்டீர்களே: கரண்டி தட்டுக்குள்ளேதான் கிடக்கிறது. நகம் வளர்ந்திருக்கிறது. படுப்பது சுவர்ப்பக்கம் பார்த்து.

போன வாரம் எரிமலைப் பூசணி செய்தேன். சின்னப் பூசணியைக் குடைந்து, கொத்துக்கறியும் மிளகாயும் சீஸும் அடைத்து முழுசாக அடுப்பில் வைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பாகக் கொதிக்கிறது. ஓட்டோடு சாப்பிட்டுவிட்டார். முதுகில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளாக அவர் விளையாட்டில் எங்கும் போவதில்லை. ஒரே ஆற்றங்கரையில் சிவப்புப் பழம் பறித்து, இஞ்சி தோண்டி, மிளகும் தேனும் சேர்த்து ஒரு கஷாயம் காய்ச்சுகிறார். திரும்பத் திரும்ப அதுதான். சண்டையில் கூட்டாளி விழுந்துவிட்டால் அந்தக் கஷாயத்தை அவன் வாயில் ஊற்ற வேண்டுமாம். எழுந்துவிடுவானாம். பையில் தொண்ணூற்றொன்பது குப்பிக்கு மேல் கொள்ளாது. இவரிடம் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. நூறாவதைக் காய்ச்சுகிறார், பை நிறைந்துவிட்டது என்று எழுத்து வருகிறது, கீழே கொட்டுகிறார், மறுபடி பழம் பறிக்கிறார். அந்த வாள்வீரனுக்குக் கூட்டாளியே கிடையாது, அத்தை. ஆரம்பத்திலிருந்து தனியாகத்தான் அலைகிறான்.

அந்தக் கஷாயத்தை ஞாயிற்றுக்கிழமை காய்ச்சி வைக்கலாம் என்றிருக்கிறேன். எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியட்டும். ஒருவேளை அழுவார். அழுதால் நல்லதுதானே?

பதில் போடுங்கள்.
மருமகள்

*

ஏப்ரல் 8

பன்னு,

நலம் விசாரிக்க நேரமில்லை. தபால் வண்டி கிளம்பப்போகிறது. அந்தக் கஷாயத்தைச் செய்யாதே. மற்றதெல்லாம் செய், அதை மட்டும் வேண்டாம். நல்ல மனசோடு கொடுத்தாலும் உள்ளே இருப்பவனுக்கு அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும்.

அத்தை

*

ஏப்ரல் 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சிவிட்டேன்.

டம்ளரில் ஊற்றி வைத்தேன். கதவு திறந்தது, டம்ளர் உள்ளே போனது. பிறகு டம்ளரைக் கதவுக்கு வெளியே வைத்தார். நிறைந்தபடி, ஒரு சொட்டு குறையாமல், ஆறிப்போய். அதற்கப்புறம் டிவி அணைந்துவிட்டது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தண்ணீர்கூட எடுக்கவில்லை. நான் கதவில் தலையை வைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேங்க, இனிமே பண்ண மாட்டேங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். நேற்றுத்தான் வெறும் ரொட்டி ஒன்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அத்தை. நான் சாப்பாடு வைப்பதால்தான் அவர் உயிரோடு இருக்கிறாரா? இல்லை, வைப்பதால்தான் வெளியே வராமல் இருக்கிறாரா? நிறுத்திவிட்டால் பசித்து வருவாரா, இல்லை அப்படியே போய்விடுவாரா? நீங்கள் பெற்றவர். நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

மருமகள்

*

மே 30

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பயந்து உங்கள் ஊர் வண்டி டிரைவரை விசாரித்தேன். "அம்மாவுக்கு என்ன, நல்லாத்தான் இருக்காங்க. தினம் டெப்போ வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. படியெல்லாம் விறுவிறுன்னு ஏறுறாங்களே" என்றார். சந்தோஷம்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. தட்டு போகிறது, தட்டு வருகிறது.

முதலாளி வேறு ஊரில் புதுக் கடை திறக்கிறார். அங்கே இருப்பவர்களுக்கு அடுப்பு வேலை பழக்கிவிட மூன்று மாதம் என்னைப் போகச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

நலமாக இருங்கள்.
மருமகள்

*

ஜூன் 10

என் பன்னுக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

முழங்கால் வீங்கவில்லை. பென்ஷன் கையெழுத்து ஜனவரியிலேயே போட்டாகிவிட்டது. அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

உன் மாமனார் நெஞ்சுவலியில் போனார் என்று உங்கள் கல்யாணத்தில்கூட எல்லோரிடமும் சொன்னேன். பொய். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தார். புது மெஷின் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். ஆறு வருடம் படுத்தார். டிவியும் இல்லை, விளையாட்டும் இல்லை, வெறும் சுவர். நான் இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான். தட்டைக் கொண்டுபோய் வைத்தது உன் புருஷன். ஏழு வயதில் ஆரம்பித்தான். கரண்டி உள்ளே கிடந்தால் அன்றைக்கு அப்பா கொஞ்சம் தேவலை, வெளியே கிடந்தால் மோசம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு காலை நேரம், இரண்டு பையில் துணியை எடுத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் டிக்கெட் கிழிக்கும் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டேன். சாப்பாடு வைக்கச் சொல்லி எதிர்வீட்டில் ஏற்பாடு பண்ணியிருந்தேன். அவர்களும் வைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. நாலு மாதத்தில் தகவல் வந்தது.

ஆறு வருடம் தட்டு வைத்தோம், அவர் எழுந்திருக்கவில்லை. விட்டுவிட்டுப் போனோம், செத்துப்போனார். எனக்குத் தெரிந்தது இந்த இரண்டும்தான். நீ கேட்ட கேள்விக்கு இதில் எதைப் பதிலாக எழுதுவது? ஏழு வாரமும் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன்.

இருபத்திரண்டாம் தேதி மதிய வண்டியில் வருகிறேன். புதுக் கடைக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிடு. மூன்று மாதம் நான் வைக்கிறேன் தட்டு. வாதாடாதே, எனக்குக் காது கேட்காது.

அத்தை

*

ஜூலை 19

என் பன்னுக்கு,

நீ சௌக்கியமா? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உன் அடுப்படியிலிருந்து எழுதுகிறேன். நீ எழுதிவைத்துப்போன குறிப்பு எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் செய்கிறேன். எல்லாம் கெட்டுப்போகிறது. பயணி ரொட்டியைத் தரையில் தவறவிட்டேன், தரையில்தான் கீறல் விழுந்தது. இருந்தாலும் பாதியாவது தின்கிறான். ஜன்னலில் போய் நின்று பார்க்கிறேன். உன் வாள்வீரன் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பிவிட்டான். இப்போது பனிமலையில் திரிகிறான்.

வியாழக்கிழமை ஒன்று நடந்தது. நீலச் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தரையில் குளமாக நிற்கிறது. அடுப்பு அணைந்திருக்கிறது. நெருப்பு தானாக அணைந்தது என்று நினைத்தேன். பார்த்தால் திருகு மூடியிருந்தது. குளத்திலிருந்து நாலு காலடி, நீல நிறத்தில், பின் அறைக் கதவுவரைக்கும் போயிருந்தது.

என் பிள்ளை வெளியே வந்திருக்கிறான், பன்னு. எனக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் நின்றிருக்கிறான். ஒருவேளை "அம்மா"ன்னுகூடக் கூப்பிட்டிருப்பான். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

காலடியைத் துடைக்க மனசு வரவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்தது, துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் கதவைப் பார்த்து நின்றே வெங்காயம் நறுக்குகிறேன். வரவில்லை.

உடனே பதில் எழுது.
அத்தை

*

ஆகஸ்ட் 24

என் பன்னுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? கோபமா என்று கேட்க மாட்டேன். ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

நேற்று வந்த தட்டில் ஒரு தாள் இருந்தது. பேசினால் எனக்குக் கேட்காது என்பதால் எழுதியிருக்கிறான். பத்து மாதத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை. ஒரே வரிதான்.

"அவ போயிட்டாளா?"

தாளை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். "இல்லடா, வேலைக்குத்தான் போயிருக்கா" என்று எழுதலாம். அப்பாவை விட்டு வந்த அன்றைக்குப் பஸ்ஸில் அவன் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன், "வேலைக்குத்தான்டா போறோம்" என்று. இன்னொரு தடவை அதையே சொல்ல என்னால் முடியாது. நீ திரும்பி வருவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவன் கேட்டது உன்னை. நீயே எழுது. எதை எழுதினாலும் அப்படியே கதவுக்கடியில் தள்ளுகிறேன். நான் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

அத்தை

*

செப்டம்பர் 7

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். உண்மையிலேயே நலம். அதை எழுத வெட்கமாக இருந்ததால்தான் பதில் போடவில்லை.

இங்கே வந்த முதல் நாள் பகலில் படுத்தவள் மறுநாள்தான் எழுந்தேன். அடுப்பு பழகிவிட்டது. கடையில் இருக்கும் பெண்கள் கேலி பேசிச் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன், அத்தை. இன்னும் மூன்று மாதம் இருக்க முடியுமா என்று முதலாளி போன வாரம் கேட்டார். உங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்துவிட்டது.

அவர் எழுதிய தாளைப் பதினொரு நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் நீங்கள் சொன்ன அந்த 'வேலைக்குத்தான்' என்பதைத் தவிர்த்து வேறு எதையாவது எழுதலாம் என்று பார்த்தால், எல்லாமே அதுவாகத்தான் வருகிறது. கடைசியில் அவர் வரிக்குக் கீழே இப்படி எழுதினேன்:

"ஆமாங்க, போயிட்டேன். திரும்ப வருவேனான்னு எனக்கே தெரியல. இங்க நல்லாத் தூங்குறேன். நீங்க கேட்டதை நூறு தடவை படிச்சேன்."

அதற்கு மேல் எழுத வரவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பயணி ரொட்டிக்கு மாவு எத்தனை கரண்டி, தேன் எத்தனை, முதல் சூட்டுக்கு எவ்வளவு நேரம், இரண்டாவது சூட்டுக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதினேன். பேக்கரி அடுப்பு இல்லாவிட்டால் வீட்டு அடுப்பில் கனமான சட்டியை எப்படிக் கவிழ்ப்பது என்று படமும் போட்டேன். அது உங்களுக்கு இல்லை, அத்தை. உங்கள் கைக்கு அது வராது, கோபிக்காதீர்கள். அவருக்குத்தான். செய்வாரா என்று தெரியாது. வேறு என்ன கொடுப்பது என்றும் தெரியவில்லை.

தனி உறையில் போட்டு, அவர் பெயர் எழுதி, இன்று மதியம் கடைத்தெருத் தபால் பெட்டியில் போட்டேன். போட்டதும், கேட்டவருக்கு இப்படியா பதில் சொல்வது என்று தோன்றிவிட்டது. பெட்டி வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பின்னால் கடிதம் போட வந்த ஒருவர், "என்னம்மா, உள்ள ஏதாவது விழுந்திடுச்சா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

வந்தால் கொடுத்துவிடுங்கள்.
மருமகள்